செங்கம்மா ஊற்று

திருப்பதி
17-2-1957

செல்லியம்மா டீச்சர் அவர்களுக்கு,

கோவர்த்தனன் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஹைஸ்கூலில் பூகோள வாத்தியாராகச் சேர்ந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. கொத்தமேட்டிலிருந்து கிளம்பும்போது உங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. மாற்றல் உத்தரவு வந்த மறுநாளே பெட்டியைக் கட்டும்படி ஆகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மாதம் எங்கள் பள்ளிப் பிள்ளைகளையும் உங்கள் ஹரிஜன லேபர் ஸ்கூல் பிள்ளைகளையும் ஒன்றாக நடக்க வைத்து ஊர்ப்படம் போட்டோமே, அது சித்தூர் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியதைப் பள்ளி இன்ஸ்பெக்டர் மறக்கவேயில்லை. பூகோளத்தை நாலு சுவருக்கு வெளியே எப்படிச் சொல்லித் தருவது என்று மற்ற வாத்தியார்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் எழுதச் சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் பேனா நிற்கவே மாட்டேன் என்கிறது.

கேளுங்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒரு தரம் நிழல் முடியும் இடத்தில் ஒரு கல் வைத்தால் சாயங்காலத்துக்குள் சூரியன் நடந்த கதை தரையில் கிடக்கும். பிள்ளைகளின் கண்ணைக் கட்டித் தெருவில் கூட்டிப் போய், காதாலும் மூக்காலும் மட்டும் ஒரு படம் போடச் சொல்லலாம்: செக்கு இங்கே, கொல்லன் பட்டறை அங்கே. நாலு வயல் மண்ணை நனைத்துக் கையில் உருட்டினால் எது திரியாக நீளும், எது உதிரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் பையன்களை மலையடியில் அலிபிரியில் நிறுத்தி, மலையேறுகிறவர்களிடம் எந்த ஊர், எந்த பாஷை என்று கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஏழு பாஷை! பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனாலும் நம் 'ஒரு குடத்தின் பயண'த்துக்கு எதுவும் ஈடாகாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் பின்னாலேயே போய், எங்கே மொள்ளுகிறார்கள், எத்தனை அடி நடக்கிறார்கள் என்று எழுதினார்களே, அதைத்தான் முதல் பாடமாக வைக்கப் போகிறேன். அதற்குச் செங்கம்மாவின் நோட்டு வேண்டும். அந்தப் பெண்ணைப் போல் யாரும் எழுதவில்லை. தயவுசெய்து தபாலில் அனுப்பி வைக்கவும்.

தங்கள்
கோவர்த்தனன்

கொத்தமேடு காலனி
26-2-1957

கோவர்த்தனன் சாருக்கு,

உங்க கடுதாசி வந்தது. நோட்டு இல்ல. செங்கம்மாவோட அம்மா ரத்னம்மா அதை அடுப்புல போட்டுட்டாங்க.

நீங்க பஸ் ஏறினதுக்கு அப்புறம் இங்க என்ன ஆச்சுன்னு ஒரு வரி கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். பெரிய வூட்டு வெங்கடசாமி மாந்தோப்புல இருக்கிற அந்த ஊத்தைச் சுத்தி முள்வேலி போட்டுட்டாரு. காவலுக்கு ஆளும் வெச்சிட்டாரு. எங்க கிணறு ஆழமில்ல, வருஷா வருஷம் கார்த்திகைக்கே வத்திப் போயிடும். அதுக்கப்புறம் விடிகாலைல யார் கண்ணுலயும் படாம அந்த ஊத்துல மொண்டுகினு வந்துதான் எங்க பொம்பளைங்க உலை வெப்பாங்க. பத்து வருஷமா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. இப்ப ஆத்து மணல்ல குழி தோண்டி, கொட்டாங்குச்சில சேந்தறாங்க. போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல்.

வெங்கடசாமிக்கு எப்படித் தெரிஞ்சது? நம்ம படத்தைப் பாத்துத்தான். தோப்புக்கு நடுவுல நீலப் புள்ளி வெச்சு, பக்கத்துலயே குண்டு குண்டா 'செங்கம்மா ஊற்று'ன்னு எழுதியிருக்குதே! எல்லைக் கமிட்டிக்கு அவர்தானே தலைவர். இந்த ஊர் ஆந்திராவை விட்டு மெட்ராஸ் பக்கம் சேரணும், இங்க தமிழ் பேசற வீடு எத்தினின்னு விசாரணைக்கு வர்றவங்களுக்குக் காட்டணும்னு அவர்தானே காகிதமும் கலர் மையும் வாங்கித் தந்தாரு. எங்க நாப்பத்தேழு வீட்டையும் கணக்குல சேக்கணும்னுதானே உங்க பசங்களைக் காலனிக்குள்ள போக விட்டாரு. தலைய எண்றதுக்கு நாங்க தமிழருங்க. ஒரு குடம் தண்ணி மொண்டா திருடனுங்க.

காலனில இப்ப யாரும் செங்கம்மாவோட பேசறதில்ல. பத்து வயசுப் பொண்ணு சார். ஆத்துக்குப் போறப்ப பொம்பளைங்க அவ காதுல விழற மாதிரியே ஏசறாங்க. 'காட்டிக் குடுத்தவ'ன்னு பேரே வெச்சிட்டாங்க. அவ நைனா குடிச்சிட்டு வந்து அடிச்சதுல உதடு கிழிஞ்சிடுச்சி. ஸ்கூலுக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது.

புத்தகம் நல்லா எழுதுங்க.

செல்லியம்மா

திருப்பதி
3-3-1957

செல்லியம்மா டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மிகவும் வருத்தப்பட்டேன். வெங்கடசாமி இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமென்றிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தை தானாகத்தான் இடத்தைச் சொன்னது. படத்தில் போடுவதிலும் அதற்கு இஷ்டம்தான் இருந்தது. ஜனவரியில் உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோதும் எல்லோர் எதிரிலும் அதைத்தான் சொன்னேன். பேரை எழுதியது அவளைக் கௌரவிக்கத்தான். எங்கோ ஒரு தீவைக் கண்டுபிடித்தவன் பேரைத் தீவுக்கு வைக்கிறார்கள். நம் ஊரில் ஒரு சின்னப் பெண் கண்டு சொன்ன ஊற்றுக்கு அவள் பேர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். நல்லதை நினைத்துச் செய்தது இப்படி ஆகிவிட்டது. அவளுக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

கோவர்த்தனன்

கொத்தமேடு காலனி
12-3-1957

சார்,

பொய் சொல்றீங்க. உங்களை மாதிரிப் படிச்சவருக்கு இப்படி எழுத வேண்டியிருக்குதேன்னு இருக்குது. ஆனா எழுதித்தான் ஆவணும், ஏன்னா அன்னிக்கு நான் பக்கத்துலயேதான் நின்னுகினு இருந்தேன்.

செங்கம்மா மொதல்ல 'காலனிக் கிணறு, நூத்தி நாப்பது அடி'ன்னு எழுதிக் குடுத்தா. நீங்க கிணத்தை எட்டிப் பாத்துட்டு, "இதுலதான் தண்ணியே இல்லையேம்மா, நெஜமா எங்கேருந்து எடுக்கறீங்க?"ன்னு கேட்டீங்க. அவ தலையைக் குனிஞ்சிக்கினா. ரெண்டாம் வாட்டி கேட்டீங்க. "சொல்லக் கூடாது சார், அம்மா ஏசும்"னா. நீங்க மண்டி போட்டு உக்காந்து, அவ கையைப் பிடிச்சிக்கினு, "பூகோளத்துல பொய் எழுதக் கூடாது கண்ணு. உன் நோட்டுல மட்டும் எழுது, நான் யாருக்கும் காட்ட மாட்டேன், சத்தியம்"னு சொன்னீங்க. அதுக்கு அப்புறம்தான் அவ எழுதினா. 'தோப்பு ஊத்து, அறுநூத்திப் பன்னண்டு அடி.' பெரிய படத்துல புள்ளி வெச்சதும் பேர் எழுதினதும் உங்க கை. அதை அந்தப் பொண்ணு பாக்கவே இல்ல.

படத்துல ஊத்து இருக்குதுன்னு பேச்சு வந்ததும், ஜனவரில ரத்னம்மாவும் எங்க ஆளுங்களும் உங்க ஸ்கூல் வாசல்ல வந்து நின்னாங்க. வெங்கடசாமி நாற்காலில உக்காந்துகினு இருந்தாரு. ஹெட்மாஸ்டர் பக்கத்துல. ரத்னம்மா கேட்டாங்க, "எம்பொண்ணு சத்தியம் வாங்கிக்கினுதான் சொன்னேன்றா, நெஜமா சார்?" நீங்க சட்டைப் பையைத் தடவிக்கினு சொன்னீங்க, "அப்படி ஒண்ணும் இல்லையே, அவளாத்தான் ஆசைப்பட்டுப் போடச் சொன்னா." செங்கம்மா அங்கயேதான் இருந்தா. உங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தா. அந்த ஒரு பேச்சுல அவ ஊத்தைக் காட்டிக் குடுத்தவளும் ஆயிட்டா, பொய் சொல்றவளும் ஆயிட்டா.

நானும் அங்கதான் இருந்தேன். "இல்ல, என் காதால கேட்டேன், சார்தான் சத்தியம் பண்ணாரு"ன்னு வாயைத் தெறந்து சொல்லியிருக்கலாம். சொல்லல. வெங்கடசாமி ஒரு வார்த்தை சொன்னா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். இப்ப சொல்றேன், யாரும் நம்பறதில்ல. "அன்னிக்கு ஏன் ஊமையா நின்னே?"ன்னு கேக்கறாங்க. அது நியாயம்தானே. தினமும் அவ வூட்டைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போறேன். தலையைத் தூக்க முடியல.

செல்லியம்மா

திருப்பதி
24-3-1957

செல்லியம்மா டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போனேன்.

நீங்கள் எழுதியது சரிதான்.

இதோடு ஒரு கடிதம் தனியாக வைத்திருக்கிறேன். அதைக் காலனியில் எல்லோரையும் கூட்டிப் படித்துக் காட்டுங்கள். பார்சலில் ஓர் அட்லாஸ் புத்தகமும் அனுப்பியிருக்கிறேன். கலர்ப் படங்கள் உள்ளன. செங்கம்மாவுக்குக் கொடுங்கள். முதல் பக்கத்தில் 'கெட்டிக்கார மாணவிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கோவர்த்தனன்

கொத்தமேடு காலனி
4-4-1957

சார்,

அட்லாஸைத் திருப்பி அனுப்பியிருக்கேன். செங்கம்மா அதைத் தொடவே மாட்டேன்னுட்டா. உங்க கையெழுத்தைப் பாத்ததும் உள்ள ஓடிட்டா.

கடுதாசியைப் படிச்சிக் காட்டினேன். 'சூழ்நிலை காரணமாக நேர்ந்துவிட்ட சில தவறான அபிப்பிராயங்கள்'னு எழுதியிருந்தீங்க. அதைப் படிக்கிறதுக்கே எனக்கு வெக்கமா இருந்தது. எங்க காலனிப் பெரியவர் கன்னையா சிரிச்சிட்டாரு. ரத்னம்மா, "இன்னா டீச்சர் சொல்றாரு அவரு? சத்தியம் பண்ணாரா, இல்லையா?"ன்னு கேட்டாங்க. கடுதாசி முழுக்கத் தேடினேன் சார். பண்ணேன்னும் இல்ல, பண்ணலன்னும் இல்ல. "நீயே எழுதிக்கினு வந்து படிக்கிறியோ இன்னாவோ"ன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு. அதோட கூட்டம் கலைஞ்சிடுச்சி.

வாயால சொன்ன பொய்யை வாயால வந்து எடுங்க. காகிதத்துல எங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சி.

செல்லியம்மா

திருப்பதி
14-4-1957

டீச்சர் அவர்களுக்கு,

இப்போது பரீட்சைப் பேப்பர் திருத்தும் சமயம். வீட்டிலும் சின்னவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. லீவு விட்டதும் எப்படியும் ஒரு நடை வரப் பார்க்கிறேன்.

மேலே எழுதியது எல்லாம் நிஜம்தான். ஆனால் நான் வராததற்கு அது காரணம் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஜனங்கள் அடித்துவிடுவார்கள் என்றில்லை. அந்தக் குழந்தை என்னைப் பார்க்குமே என்றுதான்.

கோ.

கொத்தமேடு காலனி
24-4-1957

சார்,

உங்க வூட்டுக் குழந்தைக்கு இப்ப உடம்பு தேவலையா? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு எழுதுங்க. அது வேற, இது வேற.

செங்கம்மாவை அனுப்பப் போறாங்க. புத்தலப்பட்டுல அவ அத்தை பொன்னியம்மா ஒரு பண்ணையில வேலை செய்யறாங்க. அங்க மாடு மேய்க்க, சாணி அள்ள வருஷத்துக்குப் பேசி முடிச்சிட்டாங்க. அடுத்த வார வெள்ளிக்கிழமை, மே மூணாந்தேதி, வந்து கூட்டிகினு போறாங்க. நான் போய் ரத்னம்மா கையைப் பிடிச்சிக் கெஞ்சினேன். "நாலாங்கிளாஸுல மொதல் மார்க்கு எடுக்கிற பொண்ணு, வாணாம்மா"ன்னேன். அதுக்கு அவங்க, "இந்த ஊர்ல அவ எப்படி டீச்சர் வளருவா? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தாலும் இதத்தானே சொல்வாங்க. அங்க போனா யாருக்கும் தெரியாது"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி நிக்கல. பெத்தவங்களும் அவ சொன்னதை நம்பறாங்களா இல்லையான்னு எனக்கே புரியல.

செங்கம்மா பாவாடையை மடிச்சிப் பையில வெச்சிகினு இருந்தா.

அதுக்கு முந்தின வியாழக்கிழமைக்குள்ள வர்றதுன்னா வாங்க. வரலைன்னா இனிமே எனக்கு எழுத வேணாம்.

செல்லியம்மா

திருப்பதி
5-5-1957

அன்புள்ள டீச்சர்,

நேற்று முன்தினம் வீடு வந்து சேர்ந்தேன். காலனியில் நான் பேசியதை நீங்களே பக்கத்தில் நின்று கேட்டீர்கள். அங்கே சொல்ல முடியாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

புத்தூரில் பஸ் மாறி, கார்வேட்டிநகரத்தில் இறங்கி, நாலு மைலும் நடந்தே வந்தேன். வழி நெடுக என்ன பேசுவது என்று ஒப்பித்துக்கொண்டே வந்தேன். ஏரிக்கரை திரும்பியதும் ஒரு வார்த்தை ஞாபகத்தில் இல்லை. இரண்டு தரம் வந்த வழியே திரும்பி நடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. வெங்கடசாமியின் ஆள் பார்த்துவிட்டு, "இன்னா சார், இந்தப் பக்கம்? ஐயாவைப் பாக்கவா?" என்றான். ஆமாம் என்று சொல்லியிருப்பேன். அத்தனை சுலபமாக நாக்கில் வந்துவிட்டது. "இல்லை, காலனிக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் நீங்கள் இழுத்து வந்து செய்ய வைத்தது.

ஜனவரியில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே பொய் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. அந்தப் பையில் திருப்பதி மாற்றலுக்கு ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்த சிபாரிசு இருந்தது. அன்று காலையில்தான் கையில் வாங்கினேன். வெங்கடசாமியும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஒரு குழந்தைக்குச் செய்த சத்தியத்தை மீறி வாங்கிய பரிசு என்று அங்கே தெரிந்திருந்தால் அந்தக் காகிதம் போயிருக்கும். அவ்வளவுதான் காரணம். கேட்டால் எவ்வளவு அற்பமாக இருக்கிறது! நாலு மாதமாகச் சோறு தின்னும்போதும், பிள்ளைகளுக்கு அட்சரேகை தீர்க்கரேகை சொல்லிக் கொடுக்கும்போதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள்.

"அவள் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாள். நான்தான் சத்தியம் செய்து வாங்கினேன். நான்தான் எழுதினேன். நான்தான் பொய் சொன்னேன்" என்று சொன்னதும் ரத்னம்மா கேட்டார்களே, "இந்த மூணு பேச்சு பேச நாலு மாசமா சார்?" என்று. கேட்டது நியாயம்தான். அங்கே நான் அழுதது வேஷம் என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நான் அழ வேண்டும் என்று வரவில்லை.

செங்கம்மா கதவுக்குப் பின்னால் இருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. வெளியே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கூப்பிட எனக்கு என்ன பாத்தியதை?

மறுநாள் புத்தலப்பட்டு அத்தை வந்தார்களா? அவளை அனுப்பிவிட்டார்களா? அதை மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். இன்ஸ்பெக்டருக்கு நடந்ததை எழுதிவிட்டேன். புத்தகம் எழுதவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

கோவர்த்தனன்

கொத்தமேடு காலனி
20-6-1957

சார்,

உடனே எழுதாததுக்குக் கோவிச்சிக்காதீங்க. ஸ்கூல் தெறந்து, அவ வர்றாளா இல்லையான்னு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை பொன்னியம்மா வந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தனியாவே திரும்பிப் போனாங்க. செங்கம்மாவோட நைனா பையில இருந்த பாவாடையை எடுத்துக் கொடியில போட்டுட்டு வெளிய போயிட்டாரு. அன்னிலேருந்து குடிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். அடிக்கறதில்ல, அவ்வளவுதான்.

தண்ணி இன்னும் ஆத்துலேருந்துதான். வேலி அப்படியே நிக்குது. கிணத்தை ஆழப்படுத்தித் தரச் சொல்லி எல்லாரும் கைநாட்டு வெச்சி சித்தூருக்கு மனு குடுத்திருக்கோம். மனுவை நான்தான் எழுதினேன், என் பேரையும் போட்டிருக்கேன். வெங்கடசாமி கூப்பிட்டனுப்பினாரு. போவல. வேலை போனா போவட்டும்.

பொம்பளைங்க இப்ப ஆத்துக்குப் போறப்ப செங்கம்மாவையும் கூப்பிட்டுகினு போறாங்க. யாரும் மன்னிப்பு கேக்கல. எங்க பக்கம் அப்படிக் கேக்கற வழக்கம் இல்ல. பக்கத்து வூட்டுச் செல்வியோட அம்மா அவ தலைக்கு எண்ணெய் வெச்சிப் பின்னி விட்டாங்க. அதுதான்.

திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்தா. கடைசில போய் உக்காந்துகினா. உதட்டுல தழும்பு இருக்குது. நான் பாடம் நடத்திட்டு, நிழல் அளக்கறதுக்கு எல்லாரையும் வெளிய கூப்பிட்டேன். நீங்க எழுதியிருந்தது நல்லாத்தான் இருந்தது. அவ மட்டும் "நான் உள்ளாரவே இருக்கறேன் டீச்சர்"னா. சரின்னுட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் போனதுக்கு அப்புறம் வந்து மேஜைகிட்ட நின்னா. அப்புறம் கேட்டா, "டீச்சர், அந்த சாரு இங்க வந்து அழுதாரே, அது திருப்பதியில அவரு ஸ்கூல் பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது"ன்னேன்.

"அவரு வூட்டுல?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்"னேன்.

அதுக்கு அவ சொன்னா, "அப்ப யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர். நானும் சொல்ல மாட்டேன்."

செல்லியம்மா